விமானப் போர்வையில் கூடிப்போன எடை

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் பனியன் யூனிட்டின் ஷட்டரைத் தூக்கும்போது வழக்கம்போல நான் வாசலில் நின்றேன். முதலில், இரவில் வெளிநாட்டு பையர்கள் அனுப்பியிருந்த மின்னஞ்சல்களைப் படித்தேன். பதில் போட வேண்டியவற்றுக்குப் போட்டேன். முந்தின நாள் செக்கிங் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கையெழுத்திட்டேன். டீ வந்தது, சர்க்கரை அதிகம். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. தையல் வரிசையில் ஆளில்லாத மெஷின்களைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

என் டைரியில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. பையருக்கும் யூனிட்டுக்கும் நடுவே நின்று ஆர்டரைக் கரைசேர்க்கும் மெர்ச்சண்டைசர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது அந்த மேசைகளில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அவ்வப்போது ஃபோன் செய்து, "மேடம், ஆர்டர் சிக்கிக்கிச்சு, என்ன பண்ணட்டும்?" என்று கேட்கிறீர்கள். நூல், நிட்டிங், சுருக்கம் பற்றியெல்லாம் உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதைச் சொல்லப் போவதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அன்று எங்களிடம் இருந்தது ஒரு விமான நிறுவனத்தின் ஆர்டர். பயணிகளுக்குக் கொடுக்கும் போர்வை. மொத்தம் இருபதாயிரம். பனியன் வெட்டும்போது விழும் துண்டுத் துணியைப் பிரித்து, அதோடு பழைய தண்ணீர் பாட்டில்களிலிருந்து எடுத்த இழையைக் கலந்து நூற்ற நூலில் செய்ய வேண்டும். சாயம் போடக் கூடாது. துண்டுத் துணியில் என்ன நிறம் இருந்ததோ அதுதான் போர்வையின் நிறம். மழைக்கு முந்தின வானம் போல ஒரு சாம்பல் நீலம் வந்திருந்தது. எல்லாம் தைத்து, மடித்து, பெட்டியில் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை கன்டெய்னர் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பினால் கப்பலைப் பிடித்துவிடலாம். அதற்கு முன் அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

எங்கள் முதலாளியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூர்வீகம் மூலனூர். அங்கே முருங்கைத் தோட்டம் இருந்தது. முந்தின வருடம் வேறொரு ஆர்டர் தாமதமாகி, கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினார். அந்த வாடகைக்குத் தோட்டத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் அவருடைய தம்பி குடும்பம் பிழைத்துக்கொண்டிருந்தது. இந்தப் போர்வை ஆர்டர் நல்லபடியாகப் போனால் வருடா வருடம் வரும் என்று நம்பினார். போகாவிட்டால் யூனிட்டை வைத்திருக்க முடியாது என்பதை அவர் சொல்லாமலே நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம்.

வருகிறவரை அழைத்துவரக் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்குக் கார் போயிருந்தது. கார் திரும்பி வருவதற்குள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தோளில் ஒரு பையோடு ஒரு பெண் இறங்கினார். வசந்தி என்று பெயர் சொன்னார். விமானத்துக்குள் என்ன பொருள் ஏற்றலாம், என்ன ஏற்றக் கூடாது என்று முடிவு செய்யும் பிரிவில் அதிகாரி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வேலை சென்னையில்.

முதலாளிக்குப் பதற்றமாகிவிட்டது. "ஏனுங்க, கார் அனுப்பியிருந்தமே. டிரைவர் அங்க உங்க பேரு எழுதின அட்டையப் புடிச்சுட்டு நிக்கறானுங்க."

"நான் ரயில்ல வந்தேன் சார். ராத்திரி ஏறிப் படுத்தா காலைல திருப்பூர். இதுக்குப் போயி ப்ளேனா?"

"நீங்களே ப்ளேன் கம்பெனிதானுங்களே."

"அதான் எங்க ஆபீஸ்ல ரூலே போட்டிருக்காங்க. ராத்திரி ரயில்ல போய்ச் சேருத ஊருக்கு ஆபீஸ் வேலையா யாரும் பறக்கக் கூடாது."

பக்கத்தில் கட்டிங் மாஸ்டர் சலீம் பாய் நின்றிருந்தார். திருப்பூர் ராயபுரத்துக்காரர். யாரையும் சும்மா விடமாட்டார். "அப்ப எங்கூட்டு மாப்பிள்ளைக்கு மட்டும் ஆஃபர் ஆஃபர்னு தெனமும் மெசேஜ் அனுப்பறீங்களே, அது எந்த ரூலுங்க?" என்றார்.

வசந்தி சிரித்துவிட்டார். "அது வேற டிபார்ட்மென்ட், பாய். அவங்கட்ட நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அந்தச் சிரிப்போடுதான் வேலை ஆரம்பித்தது. பெட்டிகளை அவரே காட்டிக் காட்டி எடுக்கச் சொன்னார். தையலைப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், முகத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லா மெத்துனு இருக்கு" என்றார். முதலாளிக்கு அது போதும். காலையிலிருந்து சொல்லக் காத்திருந்ததை அவர் சொல்ல நேரம் வந்துவிட்டது.

"மெத்துனு இல்லாம எப்படீங்க? நீங்க நூத்தி அறுபத்தஞ்சு கேட்டிருந்தீங்க. நான் நூத்தித் தொண்ணூறு குடுத்திருக்கறனுங்க. அதே வெலைக்கு."

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைத்தான் அவர் சொன்னார். நம் ஊரில் ஜிஎஸ்எம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வசந்தி கையிலிருந்த போர்வையை மெதுவாக மேசைமேல் வைத்தார். பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்து நிறுத்தார். இன்னொன்றை நிறுத்தார். பத்து எடுத்து நிறுத்தார். ஒரு போர்வை இருநூற்றைம்பது கிராமுக்குள் இருக்க வேண்டும். எல்லாமே இருநூற்றெண்பத்தைந்தை ஒட்டி இருந்தன.

"சார், இதை நான் பாஸ் பண்ண முடியாது" என்றார்.

முதலாளிக்குப் புரியவில்லை. "கொறஞ்சாத்தானுங்க கொறை? இது கூடத்தானுங்களே இருக்குது?"

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த ஊரில் தொழில் செய்கிற நேர்மையான மனிதருக்கு ஒரே ஒரு பயம்தான், துணி எடை குறைந்துவிடக் கூடாது. குறைந்தால் பையர் கழித்துக்கொள்வார், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் நல்லவர்கள் எல்லோரும் எப்போதும் ஒரு பிடி கூடவே வைத்து ஓட்டுவார்கள். கொசுறு போடாமல் காய்கறி விற்கிறவரை நாம் மதிப்பதில்லை அல்லவா? அதே மாதிரி. ஆர்டரில் 'இதற்கு மேல் போகக் கூடாது' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நாங்கள் எல்லோரும் படித்தோம். எங்கள் கண்கள் அதை 'இதற்குக் கீழே போகக் கூடாது' என்றே படித்துப் பழகியவை. முதலாளி அந்த நூற்றித் தொண்ணூறைத் தவறிப்போய்ச் செய்யவில்லை. பெருமையோடு, தன் கையிலிருந்து நூல் போட்டுச் செய்தார்.

வசந்தி விவாதிக்கவில்லை. "உங்ககிட்ட பெரிய தராசு இருக்கா?" என்று கேட்டார். துணி ரோல் நிறுக்கும் மேடைத் தராசைக் காட்டினோம். ஒரு விமானத்தில் எத்தனை இருக்கையோ அத்தனை போர்வைகளை அதன்மேல் அடுக்கச் சொன்னார். முந்நூறு. ஆளுயரத்துக்கு மேல் வந்தது. எடை தெரிந்ததும், ஆர்டர்படி இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கழித்தார். பத்துக் கிலோவுக்குச் சற்று மேல் வித்தியாசம்.

"எம் பேத்தி இத்தனை கனந்தானுங்க இருக்கும். இப்பத்தான் ஒரு வயசாச்சு" என்றார் சலீம் பாய்.

முதலாளிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "பாத்தீங்களா? முந்நூறு பேரு போற வண்டீங்க. அதுல ஒரு கொழந்தை ஒரு கனமுங்களா?"

"கொழந்தைன்னா எறங்கிப் போயிரும் சார். இது எறங்கவே எறங்காது" என்றார் வசந்தி. "போற ட்ரிப்பு, வார ட்ரிப்பு, மறுபடி போற ட்ரிப்பு. போர்வை கிழியுத வரைக்கும் மேலேயேதான் இருக்கும். அதைத் தூக்குததுக்கு எண்ணெய் எரியணும். அந்த எண்ணெயைத் தூக்குததுக்கும் எண்ணெய் எரியணும். எங்ககிட்ட இருக்கது ஒரு ப்ளேன் இல்ல, பாத்துக்கிடுங்க."

 எண்ணெயைத் தூக்க எண்ணெய் என்பது எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றாத விஷயம். வசந்தி தொடர்ந்து சொன்னார். சீட்டுக்கு முன்னால் செருகியிருந்த தடிப் புத்தகங்களை எடுத்துவிட்டார்களாம். சாப்பாட்டுத் தள்ளுவண்டியை லேசானதாக மாற்றினார்களாம். குழாய்த் தண்ணீரைக்கூட, வழக்கம்போல் தொட்டி நிறைய ஏற்றாமல், அன்றைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்களோ அதற்குத் தகுந்தபடி ஏற்றுகிறார்களாம்.

"இந்தப் போர்வை போகப்போறது தீவுக்குப் போற ரூட்டுல. எல்லாம் டூரிஸ்ட்டுதான். கடலைப் பாக்கப் போறாங்க. இப்படி எண்ணெய் எரிஞ்சு பூமி சூடாகிக் கடல் ஏறுனா, அவங்க பிள்ளைக போய்ப் பாக்க அந்தத் தீவு அங்கன இருக்கணும்லா? போர்வையில கொறைச்சா எல்லாம் சரியாயிரும்னு நான் சொல்லல. அவ்வளவு சீக்கிரம் சரியாகுத விஷயம் இல்ல இது. என் கைக்கு எட்டுதது இதுதான். அதை நான் விட மாட்டேன்."

எனக்கு நினைவு வந்தது. ஒரே ஒரு தடவை நான் விமானத்தில் போயிருக்கிறேன், டெல்லியில் ஒரு ஜவுளிக் கண்காட்சிக்கு. போர்வை கேட்டு வாங்கி, கழுத்து வரை போர்த்திக்கொண்டு, இறங்கும்போது சீட்டிலேயே சுருட்டிப் போட்டுவிட்டு வந்தேன். துணித் தொழிலில் இருப்பவள். அதன் தையலைத்தான் புரட்டிப் பார்த்தேன். அது எத்தனை முறை வானத்துக்குப் போய் வந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வெகு உயரத்தில் ஒரு விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போனது. நகம் அளவுகூட இல்லை. அதற்குள் முந்நூறு பேர், முந்நூறு தட்டு, முந்நூறு போர்வை. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து அதில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார். கோடு கலைகிற வரைக்கும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கீழே வந்தபோது முதலாளி முடிவெடுத்துவிட்டிருந்தார். "அம்மணி, நிட்டிங்குக்குச் சொல்லீருங்க. முழுசா மறுபடி ஓட்டிரலாம். கப்பல் போனாப் போவுது. ஏர்ல போட்டுரலாமுங்க."

உங்களுக்கும் இது தெரிந்த வாக்கியம்தான். நம் ஊரில் ஆர்டர் சிக்கும்போதெல்லாம் கடைசியில் வந்து விழுவது. அதைச் சொல்லும்போது அவர் கையில் ஃபோன் இருந்தது. மறுமுனையில் மூலனூரிலிருந்த தம்பி. "தோட்டத்துப் பத்திரத்தை எடுத்து வெய்யி. நாளைக்கு வர்றேன்" என்று தம்பியிடமும் சொன்னார். தம்பி என்ன கேட்டாரோ தெரியாது. இவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, "எனக்குத் தெரியாதா சாமி" என்று மட்டும் சொல்லி வைத்தார். தன்னைவிட இளையவரை அவர் சாமி என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

வசந்தி சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சார், எடை குறைஞ்ச போர்வையை ப்ளேன்ல ஏத்தியா அனுப்பப் போறீங்க?"

முதலாளி ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது நான் பேசினேன். "அண்ணா, ஒரு நிமிசமுங்க. அவங்களுக்கு வேண்டியது போர்வைக்கு இத்தனை கிராமுங்கறதுதானுங்க. ஜிஎஸ்எம் நூத்தித் தொண்ணூறாவே இருக்கட்டும். போர்வைய வெட்டிச் சின்னதாக்கிட்டா?"

அவர் முகம் சுருங்கியது. "என்னங்க அம்மணி பேசறீங்க. எங்கப்பன் மூட்டையில முருங்கைக்கா கட்டுனாலும் நாலு காய் கூடப் போட்டுத்தான் கட்டுவாரு. துணியக் கொறச்சுக் குடுத்தான்னு எம் பேரச் சொல்லோணுமா? தோட்டம் போனாப் போகட்டுமுங்க."

"கேட்டுட்டுக் கொறச்சாத் தப்பில்லீங்கண்ணா. அவங்க முன்னாடி வெச்சே கேக்கறேன்."

வசந்தியிடம் திரும்பினேன். அளவும் ஆர்டரில் எழுதியிருந்ததுதான், ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அதை மாற்ற அவருக்குத் தனியாக அதிகாரம் இல்லை. ஆனால் அவர் உடனே இல்லை என்று சொல்லிவிடவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இந்த அளவு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது மேடம். முன்னாடி ஆர்டர்ல இருந்துச்சு, அதையே எழுதினோம். அதுக்கு முன்னாடி? கட்டில்ல படுக்கவங்களுக்கு யாரோ போட்ட அளவா இருக்கும். சின்னதுன்னாலும் ஆளுக்குக் காணும், போதும்னு காட்டுங்க. நான் மேல பேசுதேன்."

எப்படிக் காட்டுவது? சாம்பிள் ரூமில்தான் ஏசி இருந்தது. மேசைகளை வெளியே தூக்கிப் போட்டோம். பிளாஸ்டிக் நாற்காலிகளை உள்ளே கொண்டுவந்தோம். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் எத்தனை இடைவெளி, ஒரு சீட்டு எத்தனை அகலம் என்று வசந்தி டேப்பை நீட்டிச் சொல்லச் சொல்ல, நாற்காலிகளை நெருக்கிக் கயிற்றால் கட்டினோம். ஏசியை அதிகபட்சக் குளிரில் வைத்தோம். தையல், செக்கிங் ஆட்களில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டோம். பாட்னாவிலிருந்து வந்திருந்த அயர்னிங் பிரமோத்தை முதலில் பிடித்து உட்காரவைத்தோம். யூனிட்டிலேயே உயரமானவர் அவர்தான். செக்கிங் செல்லாத்தாவும் வந்தார்.

"இதுல ஏறி எந்த ஊருக்குங்க போறம்?" என்றார் செல்லாத்தா.

"கடல் பாக்கப் போறமுங்க. பெல்ட்டப் போட்டுக்கங்க. சன்னல்ல தலைய நீட்டாதீங்க" என்றார் சலீம் பாய். கையைக் கூப்பி, வரிசை வரிசையாக வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்.

முதலாளியும் வந்து ஒரு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருபக்கம் பிரமோத், மறுபக்கம் செல்லாத்தா. முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தார்.

முதலில் நீளத்தில் ஒரு சாண் வெட்டிய போர்வைகளைக் கொடுத்தோம். எல்லோரும் நீளத்தைத்தான் நினைத்தோம். கால் மூடினால் போதும் என்பது எங்கள் எண்ணம். பிரமோத் மார்பு வரை இழுத்தார். கணுக்காலுக்கு மேலே நின்றது. "பரவால்லக்கா. ஷூ இருக்கு. குளிர் எங்க வரும்?" என்றார். எங்களுக்கு நம்பிக்கை வந்தது. அதற்குள் செல்லாத்தா போர்வையைத் தலைக்கு மேலே இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார். அவர் குள்ளம்தான், ஆனாலும் முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே.

"தலைய எதுக்குங்க மூடறீங்க?" என்றேன்.

"குளுந்தா மொதல்ல காதுலதானுங்க ஏறுது. நானென்ன பண்ணட்டும்?"

"இப்படி மூடுதவங்க நெறைய உண்டு" என்றார் வசந்தி. "நீளம் கொறைஞ்சா கம்ப்ளைன்ட் வரும். இது நடக்காது."

 வெட்டாத போர்வைகளையே மறுபடி கொடுக்கச் சொன்னார் வசந்தி, வித்தியாசம் பார்க்க. எல்லோரும் போர்த்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் முணுமுணுப்பு. "ஏனுங்கக்கா, உங்க போர்வை எம் மடிக்கு வந்துருச்சு." "உன்றதுதான் இங்க கெடக்குது, எடுத்துக்க." நெருக்கிக் கட்டிய நாற்காலிகள். போர்வையின் அகலம் நாற்காலியைப்போல இரண்டு மடங்கு. மிச்சமெல்லாம் பக்கத்தில் இருப்பவர்மேல் விழுந்தது.

முதலாளி தன் மடியைப் பார்த்தார். பிரமோத்தின் போர்வை ஓரம் வலப்புறத்திலிருந்து அவர்மேல் கிடந்தது. செல்லாத்தாவினுடையது இடப்புறத்திலிருந்து. இரண்டுக்கும் கீழே அவருடையது. ஒன்றை விரலால் தூக்கினார். அடியில் இருந்ததைத் தூக்கினார். பிறகு இரண்டு கைகளையும் மொத்தக் குவியலுக்கும் அடியில் கொடுத்து, நிறுத்துப் பார்ப்பதைப்போல மேலே ஏந்தினார். 

"அத்தனையும் எம்மேலதானுங்க கெடக்குது" என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு சலீம் பாய் பக்கம் திரும்பினார். 

"பாய், அகலத்துல எத்தனை எடுத்தா எடை சரியாகும்?"

சலீம் பாய் ஏற்கெனவே மனசில் போட்டு வைத்திருந்தார். "ஒரு சாண்கூட வேண்டாமுங்க. சாணுக்குக் கொறவு, சரியா பதினாலு சென்டிமீட்டர். நீளத்துல கை வெக்க வேண்டாம்."

"வெட்டிக் குடுங்க, போத்திப் பாக்கலாம்."

முதலாளிக்கும் சேர்த்துப் பதின்மூன்று போர்வைகளை வெட்டி, ஓரம் அடித்துக் கொண்டுவந்தார்கள். தராசில் எல்லாம் இருநூற்றைம்பதுக்குள் வந்தன. செல்லாத்தா முக்காடு போட்டுக்கொண்டே தூங்குவதுபோல் சாய்ந்தார். முழங்காலை மடக்கியதும் கால் உள்ளே வந்துவிட்டது. ஓரம் தொட்டதே தவிர, யாருடைய போர்வையும் அடுத்தவர் மடியை மூடவில்லை. பிரமோத் நிஜமாகவே தூங்கிவிட்டார். வசந்தி எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்தார், முதலில் வெட்டிய நீளக்குறைவானவற்றையும் சேர்த்து. தோற்றுப்போனதையும் அனுப்பினால்தான் நம்புவார்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் அன்று டைரியில் குறித்துக்கொண்டேன். நீங்களும் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு காத்திருந்தோம். வசந்தி மாடிப்படியில் உட்கார்ந்து யார் யாருடனோ பேசினார். இங்கிலீஷில் வாதாடினார், கொஞ்சம் இந்தியில், ஒருமுறை கோபமாகத் தமிழில். முதலாளி கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் நின்று, வெட்டி விழுந்த பட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இது வேஸ்ட்டாப் போவுதேங்க, பாய்."

"எங்கீங்க போவுது? மறுபடி பிரிச்சு நூலாக்கப் போறாங்க. அடுத்த வருசம் இதுவே போர்வையா உங்க மடிலயே வந்து விழுந்தாலும் விழும்."

முதலாளி அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

மாலை டீ முடிந்த நேரத்தில் வசந்தி இறங்கி வந்தார். "சரின்னுட்டாங்க. புது அளவு எழுத்துல வருது. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் வெட்டி ஓரம் அடிச்சிட முடியுமா?"

ஆட்கள் பாதிதான் இருந்தார்கள். இருந்தாலும் முடியும் என்றேன். முடிந்தது. வசந்தியை ஸ்டேஷனில் விடக் கார் எடுக்கச் சொன்னார் முதலாளி. காலையில் ஏர்போர்ட்டுக்குப் போய் வெறுமனே திரும்பிய அதே கார். "இதுக்காச்சும் ஏறுங்க" என்றார். "ஸ்டேஷன் வரைக்கும்தானே" என்று வசந்தி ஏறிக்கொண்டார். காருக்குள் இருந்து எங்கள் முதலாளியிடம் ஒன்று கேட்டார். "ஏன் சார், கேக்காமலே இவ்வளவு கூடக் கொடுத்தீங்க?"

"எனக்கு வேற எப்படிக் குடுக்கறதுன்னு தெரியலீங்க" என்றார் அவர்.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிலை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. இனி ஒரு ஆர்டரைப் படிக்கும்போது, அந்தத் துணி கடைசியில் எங்கே போய் உட்காரப் போகிறது, யார் மடியில் விழப் போகிறது என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் படியுங்கள். வேண்டுமானால் நாற்காலியைப் போட்டு நீங்களே உட்கார்ந்து பாருங்கள். 'ஏர்ல போட்டுரலாம்' என்று வாயில் வரும்போது, அதைத் தூக்க எரிகிற எண்ணெயையும், அந்த எண்ணெயைத் தூக்க எரிகிற எண்ணெயையும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதற்குப் பிறகு அந்த வாக்கியம் வாயில் வரவே இல்லை.

புதன்கிழமை காலை நான் போவதற்கு முன்பே ஷட்டர் திறந்திருந்தது. முதலாளி கட்டிங் மேசையில் நின்றிருந்தார். மெஷினை இன்னும் ஓட்டியிருக்கவில்லை. சலீம் பாய் போர்வையின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தர, முதல் போர்வையை முதலாளி தன் கையால், கத்தரிக்கோலால் வெட்டினார்.  கத்தரி கோட்டை விட்டு விலகவில்லை. தராசில் வைத்துப் பார்த்தார், தலையசைத்தார். வெட்டி எடுத்த பட்டையைத் துண்டைப்போலத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்ததைக் குடுங்க, பாய்" என்றார்.